கல்லுக்கும் ஒரு முகவரி

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உனக்குப் பிடித்த ஏதாவது ஒரு விஷயத்தைப் பற்றிப் பதினைந்து நிமிடம் பேசு" என்று சங்கச் செயலாளர் தொலைபேசியில் சொன்னார். "கற்களைப் பற்றிப் பேசட்டுமா?" என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "நீ மெக்கானிக்கல்தானே படிச்சே?" என்றார். ஆமாம், மெக்கானிக்கல்தான். 2009-இல் இந்த வளாகத்தை விட்டு வெளியே போனவன். கோவையில் பம்பு செய்கிற ஆலையில் வேலை. மண்ணியல் படித்தவன் இல்லை. ஆகவே நான் சொல்வதில் பிழை இருந்தால், மேடையில் இருக்கும் பெரியவர்கள் தேநீர் இடைவேளையில் என் காதைத் திருகலாம்.

என் சொந்த ஊர் ஜெயமங்கலம். தேனி மாவட்டம், பெரியகுளம் வட்டம். வடக்கே பார்த்தால் பழனி மலை. பக்கத்தில் வராக நதி. வெற்றிலைக் கொடிக்கால், நெல், கரும்பு, கொஞ்சம் மேட்டு நிலம். எங்களுக்கு இருப்பது அந்த மேட்டு நிலம்தான். செம்மண்ணும் கல்லும் சரிபாதி. "உங்க காட்டுல வெதச்சா கல்லுதாண்டா மொளைக்கும்" என்று பள்ளிக்கூடத்தில் என்னைக் கேலி செய்வார்கள்.

சின்ன வயதில் அந்தக் கற்கள்தான் எங்களுக்கு விளையாட்டுச் சாமான். வெங்கச்சங்கல் தெரியுமா? வெள்ளை வெளேரென்று இருக்கும். இருட்டில் போர்வைக்குள் நுழைந்து இரண்டு வெங்கச்சங்கற்களை உரசினால் உள்ளே மஞ்சளாக ஓர் ஒளி வரும், கருகிய வாசனையும் வரும். அது ஏன் என்று நான் யாரையும் கேட்டதில்லை. வாத்தியாரும் சொன்னதில்லை. அது குவார்ட்ஸ் என்பதும், உரசும்போதும் உடையும்போதும் ஒளி விடுகிற குணம் அதற்கு உண்டு என்பதும் முப்பது வயதுக்கு மேல்தான் எனக்குத் தெரிந்தது. பொறியியல் பட்டம் வாங்கி எட்டு வருடம் கழித்து!

எப்படித் தெரிந்தது என்பதைத்தான் சொல்ல வந்தேன். அதில் என் தவறும் ஒன்று இருக்கிறது. அதை மறைக்காமல் சொல்கிறேன்.

2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது நினைவிருக்கும். தமிழ்நாடு முழுக்க வறட்சி. அடுத்த கோடையில் எங்கள் கிணறு வற்றிவிட்டது. அப்பா மூன்று லட்சம் கடன் வாங்கிக் கிணற்றை ஆழப்படுத்தினார். தண்ணீர் கொஞ்சம்தான் வந்தது. கல் நிறைய வந்தது. கிணற்று மேட்டில் கொட்டிய பாறைத் துண்டுகளில் சிவப்புச் சிவப்பாக ஏதோ மினுங்கியது. பொரிகடலை அளவில் ஏராளம். ஒன்றிரண்டு சின்ன நெல்லிக்காய் அளவு. அப்பா எனக்குப் போன் செய்தார்.

"தம்பி, நம்ம கெணத்துல செவப்பா கல்லு வருதுடா. என்னான்னு பாத்துச் சொல்லேன்."

நான் ஆலையில் வேலை மும்முரத்தில் இருந்தேன். "சும்மா இருங்கப்பா, கூழாங்கல்ல வச்சுக்கிட்டு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

நண்பர்களே, நம் வீட்டில் ஒருவர் கேள்வி கேட்டு நாம் பதில் சொல்லாவிட்டால் அந்தக் கேள்வி செத்துப்போவதில்லை. பதில் சொல்ல வேறு ஒருவன் வந்துவிடுவான். வந்தான். தரகர் ஒருவர். வெளியூர் வியாபாரிகளையெல்லாம் தெரியுமாம். கல்லை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "அய்யா, இது மாணிக்கம். உங்களுக்கு யோகம் அடிச்சிருச்சு" என்றார். சோதனைச் சான்றிதழ் வாங்க நாற்பதாயிரம் ஆகும் என்றார். அப்பா ஐயாயிரம் முன்பணம் கொடுத்துவிட்டார். அது மட்டுமல்ல, பத்து வருடத்துக்கு நிலத்தைத் தோண்டிக்கொள்ளும் உரிமையை எழுதிக்கொடுக்கும்படி ஒரு பத்திரமும் தயாராக இருந்தது. கிணற்றுக் கடன் அடைந்துவிடும், தங்கைக்குக் கல்யாணத்தை முடித்துவிடலாம் என்று அப்பா கணக்குப் போட்டிருந்தார். தங்கைதான் எனக்குப் போன் செய்தாள். "அண்ணே, வெள்ளிக்கிழமை கையெழுத்தாம். நீ வர்றியா, இல்ல கூழாங்கல்லுன்னு சொல்லிட்டு அங்கேயே இருக்கப்போறியா?" என்றாள்.

அன்றிரவே பேருந்து ஏறினேன்.

வீட்டுக்குப் போய் அந்தக் கல்லைக் கையில் எடுத்துப் பார்த்தேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் ஒரு நிமிடம் ஆசை வந்துவிட்டது. அவ்வளவு அழகான சிவப்பு. இங்கேதான் முதல் பாடம்: கனிமத்தை அடையாளம் காண நிறத்தை நம்பக்கூடாது. குவார்ட்ஸ் வெள்ளையாகவும் இருக்கும், ஊதாவாகவும் இருக்கும், புகை நிறமாகவும் இருக்கும். குருந்தம் சிவப்பானால் மாணிக்கம், நீலமானால் நீலக்கல். இரண்டும் ஒரே கனிமம்தான். நிறம் என்பது சட்டை மாதிரி. ஆளைப் பார்க்க வேண்டுமானால் வேறு சோதனைகள் வேண்டும்.

குருந்தம் என்று சொன்னேனே, ஒரு சந்தோஷமான செய்தி. ஆங்கிலத்தில் அந்தக் கனிமத்துக்கு 'கொரண்டம்' என்று பெயர். அது நம் குருந்தத்திலிருந்து போன சொல் என்கிறார்கள் அகராதிக்காரர்கள். உலகம் முழுக்க மண்ணியல் மாணவர்கள் தங்களை அறியாமல் ஒரு தமிழ்ச் சொல்லை உச்சரித்துக்கொண்டிருக்கிறார்கள். நாமோ அந்தக் கல்லைப் பார்த்தால் தரகரைக் கூப்பிடுகிறோம்!

சரி, சோதனைக்கு வருகிறேன். பொறியியல் படித்தவன் கையில் என்ன இருக்கும்? அளக்கிற புத்தி. முதலில் ஒப்படர்த்தி பார்க்கலாம் என்று முடிவு செய்தேன். அதாவது, ஒரு பொருள் அதே கனஅளவு தண்ணீரைப்போல எத்தனை மடங்கு கனம் என்பது. ஆர்க்கிமிடீஸ் தத்துவம். ஒன்பதாம் வகுப்பில் படித்து, பரீட்சையில் எழுதி, மறந்துபோனது. இதற்கு ஆய்வகம் வேண்டாம். தெரிந்த நகைக்கடைக்காரரிடம் ஒரு மின்னணுத் தராசை இரவல் வாங்கினேன். முதலில் கல்லை அப்படியே எடை போட்டேன்: 12 கிராம். பிறகு ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்ஜியமாக்கினேன். கல்லை நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ தொடாமல் தண்ணீருக்குள் தொங்கவிட்டேன். தராசு 3 கிராம் காட்டியது. கல் விலக்கிய தண்ணீரின் எடை அது. 12-ஐ 3-ஆல் வகுத்தால் 4.

குவார்ட்ஸ் 2.65. அப்படியானால் இது குவார்ட்ஸ் இல்லை. பட்டியலைப் பார்த்தேன். குருந்தம், மாணிக்கம்: 4.0!

அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன தம்பி?" என்றார். நான் பேசாமல் பட்டியலில் இன்னும் கீழே போனேன். கார்னெட்: 3.5 முதல் 4.3 வரை. நம் பக்கத்துப் பாறைகளில் இருக்கும் கார்னெட் பெரும்பாலும் 4-ஐ ஒட்டியே நிற்கும். ஆக, நான் பெருமையாகச் செய்த அந்தச் சோதனை குவார்ட்ஸையும் கண்ணாடியையும் விலக்கியது. ஆனால் மாணிக்கத்தையும் கார்னெட்டையும் பிரித்துக் காட்டவில்லை. மாணவர்களே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே ஓர் அளவை வைத்துக்கொண்டு தீர்ப்பு எழுதக்கூடாது. அந்த இடத்தில் நான் நிறுத்தியிருந்தால் தரகர் பக்கம் நானே சாட்சி சொல்லியிருப்பேன்.

இரண்டாவது சோதனை, கடினம். 1812-இல் பிரெடரிக் மோஸ் என்ற ஜெர்மானியர் பத்துக் கனிமங்களை வரிசையாக அடுக்கினார். மிக மென்மையான மாவுக்கல் 1, ஜிப்சம் 2, கால்சைட் 3, புளூரைட் 4, அபடைட் 5, ஆர்த்தோகிளேஸ் 6, குவார்ட்ஸ் 7, புஷ்பராகம் 8, குருந்தம் 9, வைரம் 10. மேலே உள்ளது கீழே உள்ளதைக் கீறும். அவ்வளவுதான் தத்துவம். நம் விரல் நகம் இரண்டரை, செம்பு நாணயம் மூன்றரை, பேனாக்கத்தியும் ஜன்னல் கண்ணாடியும் ஐந்தரை, நல்ல அரம் ஆறரை. கார்னெட் ஆறரையிலிருந்து ஏழரை வரை. மாணிக்கம் ஒன்பது.

ஒன்பதை எதை வைத்துச் சோதிப்பது? நம் கல்லூரிப் பணிமனை நினைவுக்கு வந்தது. முதலாண்டில் கருவி தீட்டும்போது பொறி பறக்க நின்றோமே, அந்த வெள்ளைச் சாணைச் சக்கரம், அது அலுமினியம் ஆக்ஸைடு. வேறு வார்த்தையில் சொன்னால் செயற்கைக் குருந்தம். பெரியகுளத்தில் ஒரு லேத் பட்டறையில் உடைந்த சாணைத் துண்டு ஒன்றை வாங்கிவந்தேன். அதில் சிவப்புக் கல்லின் ஒரு மூலையை ஒரு நிமிடம் தேய்த்தேன். மூலை மழுங்கிப் பொடியாக உதிர்ந்தது. குருந்தத்தைக் குருந்தம் அவ்வளவு சுலபமாகத் தின்னாது.

மூன்றாவது, வடிவம். பாறையில் பதிந்திருந்த சில கற்கள் உடையாமல் முழுசாக இருந்தன. லென்ஸ் வைத்துப் பார்த்தால் முகங்கள் ஒவ்வொன்றும் சாய்சதுரம். பன்னிரண்டு சாய்சதுரங்கள் சேர்ந்த உருண்டை போன்ற வடிவம் கார்னெட்டின் கையெழுத்து. மாணிக்கம் ஆறு பக்கப் பீப்பாய் அல்லது பட்டை வடிவில் வளரும். நான்காவது, கள்ள நோட்டுப் பார்க்கிற புற ஊதா விளக்கு. மாணிக்கங்களில் பல அந்த வெளிச்சத்தில் தணல் மாதிரி சிவப்பாக ஒளிரும். இரும்பு அதிகம் கலந்தால் ஒளிராமலும் போகலாம். கார்னெட் ஒளிராது. எங்கள் கல் இருட்டில் செத்த கரி மாதிரி கிடந்தது.

தனித்தனியாக இவற்றில் எதுவும் முடிவான சாட்சி அல்ல. ஆனால் மூன்று சாட்சிகள் ஒரே பதிலைச் சொல்லிவிட்டன. சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருக்கட்டும் என்று மதுரையில் கல் மதிப்பீடு செய்கிற ஒருவரிடமும் காட்டினோம். ஒரு நொடி பார்த்துவிட்டு, "கார்னெட். விரிசல் நிறைய. பட்டை தீட்டத் தேறாது" என்றார். கட்டணம் சில நூறு ரூபாய். நாற்பதாயிரம் இல்லை.

வெள்ளிக்கிழமை பத்திரம் கையெழுத்தாகவில்லை. ஐயாயிரம் திரும்ப வரவும் இல்லை. அது என் கூழாங்கல் பேச்சுக்கு அபராதம் என்று வைத்துக்கொண்டேன்.

இங்கே சட்டம் பற்றி இரண்டு வார்த்தை. நிலம் நம்முடையதானால் அடியில் உள்ள கனிமமும் நம்முடையதா என்று பலரும் கேட்கிறார்கள். கேரளத்து நிலங்கள் பற்றிய வழக்கொன்றில் 2013-இல் உச்ச நீதிமன்றம், சட்டப்படி பறிக்கப்படாத வரை அடிநிலக் கனிமத்தின் உரிமையும் நில உரிமையாளரைச் சேர்வதே பொதுவான நிலை என்று கூறியது. ஆனால் உரிமை வேறு, தோண்டி எடுத்து விற்கிற அனுமதி வேறு. 1957-ஆம் ஆண்டின் சுரங்க, கனிமச் சட்டப்படி உரிமமோ குத்தகையோ இல்லாமல் யாரும் சுரங்கம் தோண்ட முடியாது. அப்பா அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால், வந்தவன் இயந்திரத்தை விட்டுத் தோண்டிவிட்டுப் போயிருப்பான். வழக்கு எங்கள் பட்டா எண்ணுக்கு வந்திருக்கும். உழும்போது கிடைத்த கல்லைப் பொறுக்கி வைத்துப் பெயர் கண்டுபிடிப்பது வேறு விஷயம். அதையும் நம் நிலத்தில் செய்யுங்கள். மலையடிவாரக் காப்புக்காட்டுக்குள் போய்ச் சுத்தியலைத் தூக்காதீர்கள். அது குற்றம்.

இனி கதையின் நல்ல பகுதி.

மதுரையிலிருந்து திரும்பும்போது பேருந்தில் அப்பா பேசவே இல்லை. வைகை அணைப் பிரிவு தாண்டியதும் கேட்டார்: "வெல இல்லேன்னா போகுது. அதுக்குப் பேரு இருக்குல்ல? மத்த கல்லுக்கெல்லாம் என்ன பேருடா?"

அந்தக் கேள்விக்கு நான் போனை வைக்கவில்லை. அன்றிலிருந்து மாதம் ஒருமுறை ஊருக்குப் போகும்போதெல்லாம் எங்களுக்கு இதே வேலை. எங்கள் ஆய்வகச் சாமான்களைக் கேளுங்கள்: பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று, பேனாக்கத்தி, கண்ணாடித் துண்டு, பழைய ஒலிபெருக்கியிலிருந்து எடுத்த காந்தம், எலுமிச்சம்பழம், ஓர் ஓடு. ஓடு எதற்கு? தரைக்குப் பதிக்கிற பளபள ஓட்டைத் திருப்பினால் மெருகில்லாத வெள்ளைப் பக்கம் இருக்கும். அதில் கனிமத்தை இழுத்தால் பொடியின் நிறம் கோடாக விழும். கல்லின் நிறம் மாறினாலும் கோட்டின் நிறம் பெரும்பாலும் மாறாது. தங்கம் மஞ்சள் கோடு போடும். தங்கம் மாதிரி மின்னி ஏமாற்றும் பைரைட் கறுப்புக் கோடு போடும். இந்த ஒரு ஓடு பல குடும்பங்களைக் காப்பாற்றும்.

எங்கள் நிலத்தில் என்னவெல்லாம் கிடைத்தது? வெங்கச்சங்கல், குவார்ட்ஸ். கண்ணாடியைக் கீறும்; உடைந்தால் சிப்பி மாதிரி வளைந்து உடையும். அதே மாதிரி வெள்ளையாக, சில நேரம் இளஞ்சிவப்பாக இன்னொன்று இருந்தது. அது படிக்கட்டு மாதிரி தட்டையாக உடைந்தது. அது பெல்ஸ்பார். நாளாவட்டத்தில் மக்கிக் களிமண்ணாவது அதுதான். காக்காப்பொன், அதாவது மைக்கா. நகத்தால் ஏடு ஏடாக உரிக்கலாம். கறுப்பாக இருந்தால் பயோடைட். மழை பெய்து ஓடிய வாய்க்காலில் கருமணல் படியும். காந்தத்தைக் காட்டினால் ஒரு பகுதி குதித்து ஒட்டிக்கொள்ளும். அது மாக்னடைட். சுக்கான்கல்லைப் பொடித்து எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைக்கும். கால்சியம் கார்பனேட். அப்பாவுக்கு அதுதான் பெரிய ஆச்சரியம். "இத்தன வருசமா இதுலதான் மம்பட்டி மொனை மழுங்குச்சு. சோடா கெணக்கா பொங்குதே!" என்று குழந்தை மாதிரி சிரித்தார்.

பிறகு கிணற்றடியில் இருந்த அந்தக் கரும்பச்சைக் கருங்கல். எண்ணெய் தடவியது மாதிரி ஒரு மினுமினுப்பு. அதற்குச் சார்னோக்கைட் என்று பெயர். பெயர் வந்த கதை வேடிக்கையானது. கல்கத்தா நகரத்தோடு பேர் சேர்த்துச் சொல்லப்படும் ஜாப் சார்னோக்கின் கல்லறைக் கல் இந்த வகைப் பாறை. சென்னைப் பக்கத்திலிருந்து போனது. இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் தாமஸ் ஹாலண்ட் 1893-இல் பரங்கிமலைப் பகுதியின் இந்தப் பாறையை ஆராய்ந்து, அந்தக் கல்லறையை நினைத்து இப்பெயரை வைத்தார். நம் போடி பக்கம் பொட்டிப்புரத்தில் நியூட்ரினோ ஆய்வகத்துக்கு ஒரு மலையைத் தேர்ந்தெடுத்தார்களே, 2015-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதலும் தந்ததே, அந்த மலையும் சார்னோக்கைட்தான். திட்டம் வேண்டுமா வேண்டாமா என்பதற்குள் நான் போகவில்லை. விஞ்ஞானிகள் தேடிவந்த அதே சாதிப் பாறை எங்கள் கிணற்றுக்குள் இருந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

விலையில்லாத அந்தக் கார்னெட் எங்கிருந்து வந்தது தெரியுமா? சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் கண்டங்கள் மோதிச் சேர்ந்தபோது, தென்னிந்தியா, இலங்கை, மடகாஸ்கர் எல்லாம் ஒன்றுக்கொன்று அண்டை வீடு. அந்த மோதலில் நம் பாறைகள் பூமிக்குள் பல பத்துக் கிலோமீட்டர் ஆழம் வரை அமுங்கி வெந்தன. எங்கள் ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில், கொடைக்கானல் மலைச்சாலை ஏறும் பக்கம், கெங்குவார்பட்டி இருக்கிறது. அந்த ஊர்ப் பாறை உலக மண்ணியல் ஆராய்ச்சி இதழ்களில் இடம்பெற்ற பாறை. அதில் சஃபைரின் என்று ஒரு நீலக் கனிமம் உண்டு. நீலக்கல் மாதிரி நிறம் இருப்பதால் அந்தப் பெயர். ஆனால் நீலக்கல் இல்லை. மக்னீசியமும் அலுமினியமும் சிலிக்காவும் சேர்ந்தது. முதலில் கிரீன்லாந்தில் கண்டெடுக்கப்பட்டது. கெங்குவார்பட்டியில் இதையும் உடனிருக்கும் கனிமங்களையும் ஆராய்ந்தவர்கள், அந்தப் பாறை 900 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெந்தது என்று கணக்கிட்டார்கள். உலகிலேயே அரிதாகக் காணப்படும் சூடு அது. கனிமம் என்பது உடையாத தெர்மாமீட்டர். பெயர் தெரிந்தால் அதைப் படிக்கலாம்.

நம் முன்னோர் இதில் சளைத்தவர்கள் இல்லை. கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் குவார்ட்ஸ், பச்சைக்கல், நீலக்கல் என்று மணி செய்த தொழிற்கூடங்களே வெளிப்பட்டன. பக்கத்துப் படியூர்ப் பச்சைக்கல்லை ரோமாபுரி தேடி வாங்கியதாகச் சொல்வார்கள். கல்லைப் பார்த்துப் பெயர் சொல்லத் தெரிந்தவன் அன்று வியாபாரி. தெரியாதவன் இன்று தரகரின் வாடிக்கையாளன்.

இப்போது நான் சொல்ல வந்த கடைசி விஷயத்துக்கு வருகிறேன். சொல்வது கொஞ்சம் சிரமம்.

அப்பா கற்களை முட்டை அட்டையில் வைப்பார். ஒரு குழியில் ஒரு கல். நான் ஊருக்குப் போகும்போது ஒவ்வொன்றுக்கும் எண் போடுவேன். வெள்ளை நகப்பூச்சில் ஒரு பொட்டு, அதன் மேல் பேனாவில் எண். நோட்டில் அந்த எண்ணுக்கு நேரே தேதி, எந்த வயல், எவ்வளவு ஆழம், கூடவே என்ன பாறை, யார் எடுத்தது என்று எழுத வேண்டும். நான் வேலை அவசரத்தில் இரண்டு மாதம், மூன்று மாதம் போகாமல் விட்டேன். அப்பா எடுத்துவைத்துக்கொண்டே இருந்தார். "அடுத்த தடவ எழுதிக்கலாம்ப்பா" என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். 2022-இல் அப்பா காலமாகிவிட்டார்.

காரியமெல்லாம் முடிந்தபிறகு அட்டைகளை எண்ணிப் பார்த்தேன். மொத்தம் 47 கற்கள். எண் போட்டவை 19. மீதி 28-க்கு எண் இல்லை, ஊர் இல்லை, தேதி இல்லை. அந்த 28-இல் ஒன்று கரிய கல், கைப்பிடி அளவு. உள்ளே நீல நிறத்தில் கடுகு கடுகாகப் புள்ளிகள். பல்கலைக்கழகமொன்றில் மண்ணியல் கற்பிக்கும் ஒருவரிடம் எடுத்துப்போனேன். அவர் அதிலிருந்து மெல்லிய சீவல் எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். நிமிர்ந்து, "சஃபைரின் சார்!" என்றார். முகமெல்லாம் சந்தோஷம். அடுத்து அவர் கேட்ட கேள்வி: "எங்கே எடுத்தீங்க?"

எனக்குத் தெரியவில்லை. எங்கள் கிணற்றிலிருந்து வந்ததா? வராக நதி வெள்ளத்தில் உருண்டு வந்ததா? கெங்குவார்பட்டியில் எங்களுக்கு உறவு உண்டு. கல்யாணத்துக்குப் போனபோது அப்பா அங்கிருந்து எடுத்துவந்ததா? சொல்லக்கூடிய ஒரே மனிதர் இல்லை. எங்கள் நிலத்துக் கல் என்றால் வரைபடத்தில் அது ஒரு புதிய புள்ளியாக இருந்திருக்கலாம். கெங்குவார்பட்டிக் கல் என்றால் தெரிந்த இடத்திலிருந்து இன்னும் ஒரு துண்டு. இரண்டில் எது என்று தெரியாததால் இப்போது அது வெறும் அழகான கல். அவர் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

எங்கள் கதையில் இரண்டு முறை தவறு நடந்தது. இரண்டும் என் தவறு. முதல் முறை, அப்பா கல்லைக் காட்டியபோது நான் பார்க்கவில்லை. இரண்டாம் முறை, பார்த்தேன், எழுதவில்லை. முதல் தவறுக்கு ஐயாயிரம் ரூபாயோடு போயிற்று. இரண்டாவதுக்கு என்ன கொடுத்தாலும் ஈடு இல்லை.

மாணவச் செல்வங்களே, உங்களில் பாதிப் பேர் கிராமத்துப் பிள்ளைகள். பொங்கலுக்கு ஊருக்குப் போவீர்கள். வரப்பில் கிடக்கும் கல்லைக் கையில் எடுங்கள். விலை என்ன என்று யாரிடமும் கேட்காதீர்கள். முதலில் பெயர் என்ன என்று நீங்களே சோதியுங்கள். கண்ணாடியில் கீறுங்கள், ஓட்டில் கோடு இழுங்கள், தண்ணீரில் தொங்கவிட்டு எடை பாருங்கள். ஆயிரம் ரூபாய்ச் சாமான்கூட வேண்டாம். ஆனால் சோதனைக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. கல்லைக் குனிந்து எடுத்த இடத்திலேயே நின்று எழுதுங்கள். எங்கள் காலத்தில் நோட்டும் பேனாவும் தேட வேண்டியிருந்தது என்று சாக்குச் சொல்லலாம். உங்கள் கையில் இருக்கிற செல்போன் அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையையே சொல்லிவிடும். படம் எடுத்துக்கொள்ளும். சாக்குச் சொல்ல உங்களுக்கு வழியே இல்லை.

கூடவே, உங்கள் தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா எடுத்து வைத்திருக்கும் கல் ஏதாவது வீட்டு மாடத்தில் இருந்தால், இந்த விடுமுறையிலேயே கேட்டு எழுதிவிடுங்கள். "அடுத்த தடவை" என்று சொல்லாதீர்கள்.

ஜெயமங்கலத்தில் அந்த முட்டை அட்டைகள் இன்றும் இருக்கின்றன. என் மகளுக்கு ஆறு வயது. போன மாதம் ஊருக்குப் போனபோது ஒரு வெங்கச்சங்கல்லைக் கொண்டுவந்து நீட்டினாள். நான் அவளை மறுபடி அந்த இடத்துக்கே கூட்டிப்போய், "எங்கே எடுத்தே? காட்டு" என்று கேட்டு எழுதினேன். எண் 48. கிணற்று மேட்டுக்குத் தெற்கே, வேப்பமரத்தடி, மேல்மண். எடுத்தவர் பெயர் என்ற இடத்தில் அவளே கோணல்மாணலாகத் தன் பெயரை எழுதினாள்.

அன்று இரவு போர்வைக்குள் இரண்டு வெங்கச்சங்கற்களை உரசிக் காட்டினேன். "ஏன்ப்பா வெளிச்சம் வருது?" என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த வரை பதில் சொன்னேன்.